அத்தியாயம் 4: பொங்கல் விடுமுறையில் பழைய வீட்டுக்குள்

மார்கழியில் பெரும்பாலானவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பத்திரம் பதிந்தவர்கள் தை பிறக்கட்டும் என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அரசு விடுமுறை. போகியைச் சேர்த்து, பக்கத்தில் சனி ஞாயிறும் ஒட்டி வந்துவிட்டால் ஐந்து நாள்கூடத் தேறும். "லீவிலேயே போய் உட்கார்ந்து எல்லா வேலையையும் முடிச்சிடலாம்" என்று வீட்டில் ஒரு திட்டம் உருவாகும். அந்தத் திட்டத்தை வெட்டிக் குறைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

காரணம் எளிது. போகிக்கு முந்தின நாள் மாலையே கொத்தனாரும் சித்தாளும் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். பிளம்பர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "கனு கழிச்சு வர்றேன் சார்" என்பார். ஹார்டுவேர் கடை ஷட்டர் இறங்கியிருக்கும். இந்த நாட்களில் ஏதாவது ஒன்றைக் கழற்றினால் அதைத் திரும்ப மாட்ட ஆள் கிடையாது. சுவரை உடைப்பது, டைல்ஸ் பெயர்ப்பது, பாத்ரூமை மாற்றுவது எல்லாம் இந்த விடுமுறைக்கான வேலைகள் அல்ல.

ஆனால் இதே நாட்களுக்கு வேறு எந்த மாதத்துக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். சென்னை, செங்கல்பட்டு, கடலூர்ப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. அத்தனை மழையையும் குடித்துவிட்டு நிற்கும் வீடு தன் குறைகளை மறைக்க முடியாது. சித்திரையில் பார்த்தால் எல்லாச் சுவரும் யோக்கியமாகத்தான் தெரியும். தை முதல் வாரத்தில் எந்தச் சுவரில் ஓதம், எந்த மூலையில் ஒழுக்கு, எந்தக் கதவு உப்பியிருக்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆகவே தண்ணீர், மின்சாரம், கழிப்பறை, படுக்க ஓர் அறை ஆகிய நான்கை மட்டும் ஓடவிட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் வீட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் பிறகு மேஸ்திரியோடு பேச உட்காராதீர்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் பக்கம் 1980களில் கட்டிய ஒரு தனிவீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கான்கிரீட் தளம், மொசைக் தரை, பின்பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட சார்ப்பு, சம்ப், ஒரு போர், இரும்புக் குழாய், மரப்பலகையில் வரிசையாக பீஸ் கட்டைகள். வாங்கும்போது தரகர் "கொஞ்சம் பெயிண்ட் அடிச்சா போதும்" என்று சொல்லியிருப்பாரே, அந்த வீடு.

விடுமுறைக்கு முந்தின வாரம்

உண்மையில் விடுமுறை வேலை ஒரு வாரம் முன்னாலேயே தொடங்குகிறது. கடை திறந்திருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியவை: டெஸ்டர், நல்ல டார்ச், எக்ஸ்டென்ஷன் பெட்டி, எல்இடி பல்புகள், டெஃப்லான் டேப், டேப் வாஷர்கள், அரை அங்குல டம்மி பிளக் நாலைந்து, எம்-சீல், பிளீச்சிங் பவுடர், சாக்கட்டி, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் புதுப் பூட்டு. பூட்டை மாற்றுவதில் சங்கடம் பார்க்க வேண்டாம். விற்றவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய பழைய வாடகைக்காரர், வேலைக்கார அம்மா, பெயிண்டர் என்று எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

டம்மி பிளக் எதற்கு என்று கேட்கலாம். பழைய ஜி.ஐ. குழாயில் ஒழுகும் டேப்பைக் கழற்ற ரின்ச் போட்டால், சில சமயம் டேப் அசையாது. சுவருக்குள் துருப்பிடித்த எல்போ திரும்பி உடையும். பொங்கலன்று காலை சுவருக்குள் தண்ணீர் பீச்சினால் மேல்தொட்டி வால்வை மூடுவதைத் தவிர வழியில்லை. அந்த வால்வும் பத்து வருடம் யாரும் தொடாமல் இறுகிக் கிடக்கும். ஆகவே சொட்டும் டேப்புக்குக் கீழே வாளி வையுங்கள்; ரின்ச் வேண்டாம். தானாகக் கழன்று கையோடு வந்துவிடும் டேப்புக்குத்தான் டம்மி.

விற்றவர் ஊரில் இருக்கும்போதே மின்மீட்டர் ரீடிங்கை அவர் முன்னால் போட்டோ எடுத்து, இணைப்பு எண்ணையும் கடைசிக் கட்டண ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் அது இணைப்போடுதான் ஒட்டிக்கொண்டு வரும். மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி, பட்டா ஆகிய நான்கிலும் பெயர் மாற்ற வேண்டும். நான்கு வேலைக்கும் கிரயப் பத்திர நகல்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் ஸ்கேன் செய்து வைத்திருங்கள். விடுமுறையில் அலுவலகங்கள் இல்லை. இது அடுத்த வாரத்துப் பாடு.

கழிவுநீர்த் தொட்டியையும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். பால் காய்ச்சுகிறோம் என்றால் அத்தை, சித்தப்பா என்று இருபது பேராவது வருவார்கள். நிரம்பிக் கிடக்கும் செப்டிக் டேங்கோடு இருபது பேருக்குச் சாப்பாடு போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கழிவுநீர் லாரியை வரச்சொல்லி உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இறக்கிவிட்டவருக்கும் சிறை உண்டு. அதைவிட முக்கியம், உள்ளே இறங்குகிறவர் பல சமயம் உயிரோடு திரும்புவதில்லை.

போகியன்று எதை எரிக்கக் கூடாது

பழைய வீட்டில் முதல் நாள் குவியும் குப்பையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், அதுவும் போகி. உடைந்த ஜன்னல் கதவு, பழைய அலமாரிப் பலகை, பரணில் கிடந்த பிவிசி வயர், தெர்மோகோல், மெத்தை எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டால் வீடு காலி. பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பழைய வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எனாமல் பெயிண்ட், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறத்தவை, ஈயம் கலந்ததாக இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு. நாற்பது வருடக் கதவில் ஆறேழு கோட் அடித்திருப்பார்கள். அந்தக் கதவை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் போகும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலும் அதே தூசிதான். தவழும் குழந்தை அதை விரலோடு வாயில் வைக்கும். குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலையே இந்த விடுமுறையில் வேண்டாம். உரிந்து தொங்கும் பெயிண்டை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் பணம். 1980களில் போட்ட கதவு நிலை தேக்காக இருக்கலாம். கருத்துப்போன எனாமலுக்குக் கீழே என்ன மரம் என்று ஓர் ஆசாரி பார்க்காமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பின்பக்கத்துச் சார்ப்பையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும் துளை போடும்போதும் கிளம்பும் தூசிதான் நுரையீரலுக்கு எமன். அதன்மேல் ஏறாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிறகு ஒரு நாள் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு, முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லலாம்.

தண்ணீர்

ஆள் இல்லாமல் பூட்டிக்கிடந்த வீட்டில் நுழைந்ததும் ஒரு நாற்றம் அடிக்கும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். தரையில் இருக்கும் நானி டிராப்பிலும் வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாயிலும் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோயிருக்கும். சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். எல்லாத் துளையிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி நாற்றம் போய்விடும். போகவில்லை என்றால் நோட்டில் எழுதுங்கள்.

சம்ப்பும் மேல்தொட்டியும் கழுவாமல் குடியேறக் கூடாது. மூடியே கிடந்த சம்ப்பில் காற்று கெட்டிருக்கும். மூடியைத் திறந்து, தண்ணீரை மோட்டாரால் இறைத்து, அரை நாளாவது காற்றாடவிட்ட பிறகே ஆள் இறங்கலாம். அப்போதும் மேலே ஒருவர் நிற்க வேண்டும். இறங்கியவர் தள்ளாடினால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதுதான் ஒரே சம்ப்பில் இரண்டு சாவு விழக் காரணம். தீயணைப்புத் துறைக்குப் போன் போடுங்கள், எண் 101.

தேய்த்துக் கழுவிய பிறகு ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் ஒரு வாளியில் கரைத்து, கலங்கல் அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டி நீரில் ஊற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லா டேப்பையும் திறந்து, மருந்து வாசனை வந்ததும் மூடி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் முழுவதையும் வடித்துவிடுங்கள். இந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. அன்றாடம் நிரப்பும் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் போதும்; போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பவுடர் பழைய பொட்டலமாக இருந்தால் காரம் போயிருக்கும்; மூக்கில் ஏறாத பவுடர் எதற்கும் உதவாது.

குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரவு படுக்கும்முன் மேல்தொட்டியை நிரப்பி, எல்லா டேப்பையும் மூடி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். அன்றிரவு எல்லாரும் வாளித் தண்ணீரைப் பயன்படுத்தட்டும். விடிந்ததும் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் எங்கோ ஓடுகிறது. ஃபிளஷ் டேங்க் மிதவை சரியில்லாமலும் இறங்கும் என்பதால் அதன் வால்வை முதலில் மூடிவிடுங்கள்.

மாடி பாத்ரூமுக்குக் கீழே உள்ள அறையின் தளத்தில் கறை இருந்தால் அந்த நானி டிராப்பில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் கீழே கறையோரம் நீலம் தெரிந்தால் டிராப்பைச் சுற்றியிருக்கும் பூச்சு போய்விட்டது. தெரியவில்லை என்றால் சுவருக்குள் வரும் குழாயைச் சந்தேகப்படலாம். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாததால்தான் பலர் பாத்ரூம் முழுவதையும் உடைக்கிறார்கள்.

மின்சாரம்

இதில் மட்டும் சொந்தச் சாமர்த்தியம் வேண்டாம். விடுமுறைக்கு முன்னாலேயே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அரை நாள் கூப்பிட்டு, வேறு எதைச் செய்யாவிட்டாலும் மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பழைய பீஸ் கட்டை வயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. நம் உடம்பில் கரண்ட் பாய்ந்தால் பீஸ் போகாது, ஏனென்றால் ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் பீஸை உருக்கும் கரண்ட்டில் சிறு பங்குதான். ஆர்சிசிபி அந்தச் சிறு கசிவையே பிடித்துக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கும்.

இங்கே ஒரு வாக்குவாதம் வரும், தயாராக இருங்கள். ஆர்சிசிபி போட்டதும் அது நிற்காமல் விழும். பழைய வீடுகளில் நியூட்ரல் வயர்களை இஷ்டத்துக்கு இணைத்திருப்பார்கள், எங்காவது ஈரச் சுவரில் கசிவும் இருக்கும். "சார், இந்த வீட்டு வயரிங்குக்கு இது ஒத்துவராது, கழட்டிடலாம்" என்பார் வந்தவர். ஒத்துக்கொள்ளாதீர்கள். விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. எந்த லைனைக் கழற்றினால் விழாமல் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த லைனை அணைத்து வைத்துவிட்டு விடுமுறையைக் கழியுங்கள். ஒரு அறைக்கு விளக்கில்லாமல் நாலு நாள் இருக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மின்மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். நின்று நின்று மினுக்கினால் எங்கோ கரண்ட் போகிறது. மெயினையும் அணைத்த பிறகும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டிய விஷயம்.

ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் இந்த வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும். ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் வேண்டும். 1980களில் அந்த அறைக்கு ஒரு ஃபேனும் ஒரு டியூப்லைட்டும் மட்டுமே கணக்கு. வயர் அலுமினியமாகவும் இருக்கலாம். ஃபேன் போடும்முன் ஏணி வைத்து ஏறி அது தொங்கும் கொக்கியைப் பாருங்கள். துரு ஏறி மெலிந்திருந்தால் டேபிள் ஃபேன் போதும். தை மாதக் குளிருக்கு அதுகூட வேண்டாம்.

ஓதம், விரிசல், தளம்

இந்த நூலில் வேறெங்கும் இவ்வளவு வற்புறுத்தப் போவதில்லை: ஓதச் சுவருக்கு மேல் புட்டியும் பெயிண்டும் அடிப்பது பணத்தைச் சுவரில் ஒட்டுவது. அடுத்த கார்த்திகையில் பொருக்கு பொருக்காக உதிரும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. சமையலறை அலுமினியத் தாள் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, கறைமேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். போகியன்று ஒட்டினால் மாட்டுப் பொங்கலன்று பிரிக்கலாம். சுவரை ஒட்டிய பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவருக்குள்ளிருந்து வருவதிலும் இடத்தைப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் நீளமாக உப்புப் பூத்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. தளத்தை ஒட்டி இறங்கினால் மொட்டைமாடி. ஜன்னல் மூலையிலிருந்து பரவினால் சன்ஷேடு. பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் மட்டும் என்றால் குழாய்.

அஸ்திவார ஓதத்துக்கு, யாரும் சட்டென்று நினைக்காத ஒரு காரணத்தைச் சொல்கிறேன். தமிழகத்தில் 2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது, பழைய வீட்டுக்காரர்கள் அவசரமாகச் சுவரோரம் ஒரு குழி வெட்டி, மொட்டைமாடிக் குழாயை அதில் இறக்கினார்கள். குழியைப் பிறகு தூர்வாராமலே விட்டவர்கள் நிறைய. சேறு அடைத்துப்போன குழியில் மாடித் தண்ணீர் முழுவதும் இறங்கி, மண்ணுக்குள் போக வழியில்லாமல் அஸ்திவாரத்தோடு ஒட்டி நிற்கும். உள்ளே வரவேற்பறைச் சுவர் ஓதம் அடிக்கும். குழிமூடியைத் திறந்து பாருங்கள். சேறுதான் என்றால் தூர்வாரி ஜல்லி மாற்றுவது ஒரு நாள் கூலி. ரசாயனப் பூச்சுக்காரர் கேட்கும் தொகையில் சிறு பங்கு.

மொட்டைமாடியில் ஒரு காலை ஏறி நடந்து வாருங்கள். கரும்பச்சையாகப் பாசி படிந்த வட்டங்களில்தான் மழைத்தண்ணீர் தேங்கியது. சாக்கட்டியால் சுற்றி வரைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வெயிலில் பாசி காய்ந்துவிட்டால் கொத்தனாருக்குக் காட்ட அடையாளம் இருக்காது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் செங்கல் இடுக்கில் பருத்துச் சுவரைப் பிளக்கும். சுவர் இன்னும் ஈரமாக இருக்கும் இந்த வாரத்தில் சிறு கன்று வேரோடு வரும். அரசைப் பிடுங்க மனம் வராதவர்கள் தொட்டியில் நட்டுக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம்.

அறைக்குள் தளத்தை நீளமான மூங்கில் கழியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான சத்தம் திடீரென்று பொள்ளலாக மாறும் இடத்தில், உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை கழன்று நிற்கிறது. துரு ஏறினால் கம்பி பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அதற்குக் கீழே கட்டில், தொட்டில், பூஜை அலமாரி எதுவும் வேண்டாம். படுக்கும் அறையைத் தேர்ந்தெடுக்க இதுவே அளவுகோல்: காற்றோட்டத்தையும் வாஸ்துவையும் பிறகு பார்க்கலாம், முதலில் தளம் தலையில் விழாத அறை. கறை பெரிதாக இருந்தால், காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால், பெயிண்டர் சொல்லும் யோசனையைக் கேட்காமல் கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள்.

விரிசலுக்குப் பென்சில் போதும். விரிசல் முடியும் முனையில் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் தேதி. களிமண் நிலத்தில் கட்டிய வீடு மழையில் உப்பி, கோடையில் சுருங்கும்; வைகாசியில் விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடி போல மேல்பூச்சில் ஓடுபவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தால் அதையும் பொறியாளருக்குக் காட்டும் பட்டியலில் சேருங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட அந்தத் தளத்தையும் சுண்ணாம்புச் சுவரையும் சிமென்ட்டால் பூசவிடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை வீடு காத்திருக்கட்டும்.

கரையான், பாம்பு

கதவு நிலைகளையும் பரண் பலகைகளையும் டெஸ்டர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கரையான். சுவரோரம் ஓடும் மண் தடத்தைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். மருந்தடிக்க வருகிறவர் அதைப் பார்த்தே வழியைக் கண்டுபிடிப்பார். சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கொரு துளை போட்டு மருந்து இறக்குவது வழக்கம் என்பதால், இந்த வேலை புதுத் தரைக்கும் பெயிண்டுக்கும் முன்னால் முடிய வேண்டும்.

பின்பக்கத்தில் அடுக்கிய செங்கல், விறகு, பழைய ஓடு ஆகியவற்றைக் கையால் தூக்கக் கூடாது. கழியால் கலைத்து, கனத்த செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு, பகலில் மட்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

காணும் பொங்கல்

பெட்டிகளில் முக்கால்வாசியைப் பிரிக்காமலே விட்டுவிட்டு, கடைசி நாளை அக்கம்பக்கத்தாரைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் கரும்பும் கொஞ்சம் இனிப்பும் போதும். வீட்டைப் பற்றி விற்றவர் சொல்லாததை எதிர்வீட்டு அம்மா சொல்வார். "அம்மா, 2015ல இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம் புயலப்போ?" என்று கேளுங்கள். வாசல்படியில் கை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை அன்றே உங்கள் சுவரில் குறித்துவிடுங்கள்: பிளக் பாயின்ட், இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் அதற்கு மேலேதான் வர வேண்டும். சம்ப் மூடியும் அதற்குக் கீழே இருந்தால் வெள்ளத்தில் சாக்கடை குடிநீரில் கலக்கும். அதன் விளிம்பை உயர்த்திக் கட்ட வேண்டும்.

கோடையில் எந்த மாதம் போர் வற்றும், தெருச் சாக்கடை எந்த இடத்தில் அடைக்கும், முன்பு இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிளம்பர் யார் என்றும் கேளுங்கள். பழைய பிளம்பரின் நம்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பதற்கு வரைபடம் எங்கும் கிடையாது. அவர் நினைவில் மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் வேலை எப்போது தொடங்கும், மணலும் ஜல்லியும் எங்கே கொட்டுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் வரும் சண்டைகளில் பாதி வராது.

விடுமுறை முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியதும் நோட்டைப் பார்த்து வேலையை இந்த வரிசையில் கொடுங்கள். முதலில் மொட்டைமாடியும் தளமும், பிறகு மழைநீர்க் குழி, பிறகு குழாயும் வயரிங்கும் ஒரே சமயத்தில், ஏனென்றால் இரண்டுக்கும் சுவரை வெட்ட வேண்டும். அடுத்து கரையான் மருந்து, அதன் பிறகு பூச்சு, தரை. முன்பணம் கேட்பார்கள், பொருளுக்கு மட்டும் கொடுங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். சுவர்கள் முழுசாகக் காயப் பங்குனி ஆகும். பெயிண்ட் கடைக்கு அதற்கு முன்னால் போக வேண்டாம்.